நெடுந்தீவுக் குதிரை லாயமும் ஒரு வாளித் தண்ணீரும்



பழைய காலத்து இடிபாடுகளைப் பார்க்கப் போவதென்றால் நம்மவர்கள் அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா என்றுதான் புறப்படுவார்கள். அங்கெல்லாம் மன்னர்களின் மாளிகைகளும் குளங்களும் கோட்டைகளும் இருக்கின்றன. பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு பண்ணை எப்படி நடந்தது, அதில் வேலை செய்தவன் மிருகங்களை எங்கே கட்டினான், தண்ணீரை எங்கே அள்ளினான் என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அரசன் வாழ்ந்த இடத்துக்கு இருக்கின்ற மதிப்பு ஆடு, மாடு, குதிரை வளர்த்த இடத்துக்கு இல்லை.

நம் நாட்டின் வடகோடியில், கடல் நடுவே, அப்படி ஒரு பண்ணை இடிந்து கிடக்கிறது. நெடுந்தீவில் உள்ள பழைய குதிரைப் பண்ணைதான் அது. அதை நடத்தியவர்கள் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கூரை இல்லை. சுவர்களில் பெரும்பகுதி இல்லை. ஆனால் அந்தப் பண்ணையின் குதிரைகள் மட்டும், வாரிசு வாரிசாக, இன்றும் அதே தீவில் மேய்ந்துகொண்டிருக்கின்றன. பண்ணை அழிந்தும் அதன் கால்நடைகள் அழியாமல் இருக்கின்ற இந்த இடத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேசப்போகிறேன்.

போகும் வழி

நாங்கள் நுகேகொடையில் இருப்பவர்கள். மதரஸா விடுமுறையில் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய், காலி வீதியில் யாழ்ப்பாண பஸ் ஏறினோம். இரவு முழுதும் பயணம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சுபஹு நேரத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும். புகையிரதத்தை விரும்புகிறவர்கள் கோட்டையிலிருந்து அதிலும் போகலாம். யுத்தத்தால் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக, இரண்டு பக்கமும் கடல் இருக்க, வேலணைத் தீவைக் கடந்து புங்குடுதீவுக்குப் போகிறது வீதி. அதன் முடிவில் குறிகட்டுவான் துறைமுகம். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகு. ஒரு மணி நேரம் அளவில் எடுக்கும். காற்றுக் காலத்தில் படகு நன்றாக ஆடும். தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு ஏறாமல் இருப்பது நல்லது.

புங்குடுதீவைக் கடக்கும்போது பஸ்ஸின் ஜன்னலால் பாருங்கள். நல்ல கல்வீடுகள், முற்றத்தில் கிணறு, வாசலில் தூண். ஆனால் பல வீடுகளில் ஆளில்லை. கூரையைத் துளைத்துக்கொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. யுத்த காலத்தில் தீவுப்பகுதியிலிருந்து போன குடும்பங்கள் பல கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டன. என் மூத்த மகள், “வாப்பா, இவங்க ஏன் வீட்டை விட்டுட்டுப் போனாங்க?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நம் வீடுகளிலேயே பதில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். இதைப் படிக்கின்ற உங்களில் சிலர் அன்று உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். அடுப்பில் வைத்த பானையையும் கூட்டில் அடைத்த கோழியையும் தொழுவத்தில் கட்டிய ஆட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். ஆகவே கைவிடப்பட்ட ஒரு முற்றம் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கல்வேலிகளின் தீவு

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. யாழ்ப்பாணத்தைச் சூழ உள்ள பெரிய தீவுகளில் ஒன்று. மலை இல்லை, ஆறு இல்லை. தட்டையான சுண்ணக்கல் நிலம். ஒல்லாந்தர் வந்தபோது இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடல்பேர்க், அனலைதீவுக்கு றொட்டர்டாம். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் இன்றும் அரசாங்கக் காகிதங்களில் வாழ்கிறது.

படகை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது வேலி. நம் பக்கத்தில் வேலியென்றால் பலகை, கம்பி, மதில். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி. இங்கேயோ முருகைக்கல் வேலி. கடலில் இருந்த பவளப் பூச்சிகளின் கூடுகள் காலப்போக்கில் கல்லாகிப் போனதுதான் முருகைக்கல். தீவு எங்கும் அது கிடைக்கிறது. சீமெந்தும் இல்லாமல் சாந்தும் இல்லாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கி, மனிதனின் இடுப்பளவிலோ மார்பளவிலோ வேலி கட்டியிருக்கிறார்கள். கற்களுக்கிடையே ஓட்டைகள் இருப்பதால் கடற்காற்று அதனூடாகப் புகுந்து போய்விடுகிறது. மண்ணிலிருந்து கல்லைப் பொறுக்கினால் பயிரிட இடமும் கிடைக்கும், ஆடு மாடு நுழையாமல் தடுக்க வேலியும் கிடைக்கும். ஒரே வேலையில் இரண்டு பலன்.

ஒவ்வொரு குடும்பத்தின் வளவும் அந்தக் கல்வேலியால் எல்லை பிரிக்கப்பட்டிருக்கிறது. சில வளவுகளில் வீடு இருக்கிறது. சிலவற்றில் வீடு போய் வேலி மட்டும் நிற்கிறது. உள்ளே நான்கு பனைமரம், ஒரு கிணறு. பிற்காலத்தில் தொல்பொருள் படிக்க வருகிறவர்களுக்கு இந்த வேலிகளே போதும். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் இருந்தது, மிருகங்களை எங்கே அடைத்தார்கள், பாதை எவ்வழியால் போனது என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

தீவில் ஒரு பெருக்கமரமும் உண்டு. அடிமரம் பருத்து உள்ளே குடைந்து போயிருக்கும். ஆட்கள் உள்ளே போய் நிற்கலாம். எங்கள் பிள்ளைகள் வெளியே வர மறுத்துவிட்டார்கள்! இதன் தாயகம் ஆபிரிக்கா. மன்னாரிலும் இம்மரம் நிற்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகவே இரண்டு ஊரிலும் சொல்வார்கள்.

லாயத்தில் எஞ்சியிருப்பவை

முச்சக்கர வண்டிக்காரத் தம்பியிடம் “குதிரை லாயம்” என்று சொன்னால் போதும், கொண்டுபோய் விடுவார். வெட்டவெளியில் பருத்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன. முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டியவை. சாந்து உதிர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் கல் தேன்கூடு போலத் தெரிகிறது. மேலே கூரை கிடையாது. தூணுக்கும் தூணுக்கும் இடையில் குதிரைகள் நின்றிருக்கும் என்று நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

என் மனைவி அந்தத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரித்தானே” என்றார். உண்மையும் அதுதான். முருகைக்கல்லைச் சூளையில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் நீற்றி மணலோடு குழைத்தால் சாந்து. கல்லும் அதே கல், அதை ஒட்ட வைக்கும் பசையும் அதே கல். வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல் தீவில் கிடைத்ததை வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

இதே காலத்து மற்றக் கட்டடங்களும் தீவில் உண்டு. கடலோரத்தில் முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் சிதைவு நிற்கிறது. பழைய வைத்தியசாலை வளவில் புறாக்கூடு ஒன்று உண்டு. சிறு கோபுரம் போன்ற கட்டடத்தில் வரிசை வரிசையாகப் பொந்துகள். கடிதம் கொண்டுபோகும் புறாக்களை அதில் வளர்த்தார்கள் என்று சொல்கிறார்கள். பண்ணை என்பது லாயம் மட்டுமல்ல. வேலைக்காரர், கணக்குப் பிள்ளை, காவல், வைத்தியம், செய்தி, தண்ணீர் எல்லாம் சேர்ந்த ஒரு சிறு ஊர். அந்த ஊரின் எலும்புகள்தான் இன்று அங்கங்கே கிடக்கின்றன.

இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களை அது புராதனச் சின்னங்களாகக் கருதுகிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் திகதி அது. ஒல்லாந்தர் கட்டியவையெல்லாம் அதற்கு மிக முந்தியவை. எனவே ஒரு கல்லைத் தானும் பெயர்த்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். தூணில் பெயர் எழுதுவதும் அதே குற்றம்தான்.

இந்தத் தீவில் குதிரை எதற்கு?

நியாயமான கேள்வி. ஆறில்லாத, புல் குறைந்த, கடல் நடுவிலுள்ள தீவில் ஏன் குதிரை வளர்க்க வேண்டும்?

இதற்குப் பதில் தேட நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குதிரை நன்றாகப் பெருகியதில்லை. தமிழகத்து மன்னர்கள் கடல் வழியாகவே குதிரைகளை வரவழைத்தார்கள். சங்க நூலான பட்டினப்பாலையிலேயே கப்பலில் வந்த குதிரைகள் பற்றிப் பேசப்படுகிறது. பிற்காலத்தில் இந்த வியாபாரம் முஸ்லிம் வணிகர்களின் கையில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்துக்கு ஆண்டுதோறும் குதிரைகள் ஏற்றிவரப்பட்டன. பாண்டியனின் அமைச்சராகவே தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் ஒருவர் இருந்தார். அவரது சகோதரர் ஜமாலுத்தீன்தான் கிஷ் பக்கத்திலிருந்து குதிரை அனுப்பியவர். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பகுதி ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுவதாகவும், இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை என்றும் குறித்தார். வெளியூர்ப் பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் குதிரை இங்கே அருமையான பொருள் என்பதில் மிகை இல்லை.

இந்தக் கடலிலேயே அதற்குச் சான்றும் இருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் படகு போகிறது. அங்கே நாகபூசணி அம்மன் கோயில் வளவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறித்தது. வெளிநாட்டு வணிகர்கள் ஊறாத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. கவனித்தீர்களா? மிருகம் கொண்டுவந்தவனுக்கு அதிகச் சலுகை. அவன் அடுத்த முறையும் வர வேண்டுமே!

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. நெடுந்தீவில் முதலில் குதிரை விட்டவர்கள் அவர்கள்தான் என்று சொல்லப்படுகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் பண்ணையைப் பெரிதாக்கினார்கள். 1697இல் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த ஸ்வார்டகுரோன் என்பவர், தனக்குப் பின் வருகிறவர்களுக்காக எழுதிவைத்த நீண்ட அறிக்கையில் குதிரை வளர்ப்புப் பற்றியும் பேசுகிறார். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரி தீவையும் பண்ணையையும் நிருவகித்தார். தீவில் இன்றும் அவர் பெயர் சொல்லப்படுகிறது.

தீவைத் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது விளங்கும். தீவுக்கு மதில் வேண்டாம். குதிரை தப்பி ஓடாது, கள்ளனும் இலேசில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆங்கிலேயர் காலத்திலேயே பண்ணை கைவிடப்பட்டது. அதிகாரிகள் போனார்கள், கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. மிச்சமிருந்த குதிரைகள் தீவிலேயே விடப்பட்டன.

தண்ணீர் என்னும் கணக்கு

இன்று தீவில் நூற்றுக்கணக்கான குதிரைகள் இருக்கின்றன. உயரம் குறைந்த மட்டக்குதிரைகள். கபிலம், கறுப்பு, வெள்ளை கலந்த நிறங்கள். தெற்குப் பக்கத்து வெளிகளில் தாயும் குட்டியுமாகக் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. மனிதரைக் கண்டு பெரிதாக ஓடுவதுமில்லை, அருகில் வருவதுமில்லை. 2015இல் தீவின் 1,846 ஹெக்டயார் நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

மாரியில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் தரவைகள் நிறைந்து புல் பச்சையாகிவிடும். மாசி பிறந்த பிறகுதான் சோதனை. மீண்டும் மழை வரும் வரை ஏழெட்டு மாதங்கள் இருக்கும் தண்ணீரில் ஓட்ட வேண்டும். கடும் வரட்சி வந்த ஆண்டுகளில் தண்ணீரின்றிக் குதிரைகள் இறந்து கிடந்த செய்தியைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

ஏன் இவ்வளவு தட்டுப்பாடு? கடல் நடுவிலுள்ள சுண்ணக்கல் தீவின் கிணறு நம் ஊர்க் கிணறு போன்றதல்ல. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுப் பாருங்கள். எண்ணெய் மேலே மிதக்கும். அதுபோலத்தான் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதே காரணம். 1889இல் ஒல்லாந்து நாட்டுக்காரர் ஒருவரும் 1901இல் ஜெர்மானியர் ஒருவரும் இதன் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலேறி வரப் பார்க்கும். பிறகு அந்தக் கிணறு குடிக்க உதவாது.

இதனால் தீவில் எல்லாக் கிணறும் நல்ல கிணறு அல்ல. சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உண்டு. மற்றப் பல இடங்களில் உவர். அங்குள்ள பெண்களுக்குத் தண்ணீர் எடுப்பதே ஒரு பெரிய வேலையாக இருந்து வந்திருக்கிறது. நாங்கள் லுஹருக்காக வுழூச் செய்யப் போத்தல் தண்ணீரைத்தான் எடுத்தோம். இளைய மகள் வழமைபோல் தாராளமாக ஊற்றப் போக, மூத்தவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாதென்று மதரஸாவில் படித்தது அவளுக்கு அந்தத் தீவில்தான் விளங்கியது.

ஒரு மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும். நூறு குதிரை என்றால் 2,000 லீற்றர். தனக்கே குடத்தை எண்ணி வைக்கின்ற ஒரு குடும்பம் இதை எப்படிக் கொடுக்கும்?

ஆனாலும் கொடுக்கிறார்கள். லாயத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு வளவின் கல்வேலிக்கு வெளியே பாதியாக வெட்டிய பீப்பா ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உள்ளே நின்ற வயதான அம்மாவிடம் என் மனைவி, “ஆச்சி, இது எதுக்கு?” என்று கேட்டார். “குதிரையளுக்குத்தான் பிள்ளை. கோடையில வாசல்ல வந்து நிண்டு பாக்கும். வாயில்லாச் சீவன். குளிக்கிற தண்ணியில ரெண்டு வாளி மிச்சம் பிடிச்சு ஊத்துறனான்” என்றார். “யாருடைய குதிரை?” என்று நான் கேட்டேன். “ஒருத்தரிட்டையும் இல்லை ஐயா. அதாலதான் ஊத்துறம்.”

யார் பொறுப்பு?

சகோதரிகளே, நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கின்ற இரண்டு ஹதீஸ்கள் உண்டு. ஒன்று, தாகித்த நாய்க்குத் தன் காலணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த பெண்ணுக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தி. மற்றது, பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகவைத்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தி. இரண்டாவதைச் சற்று யோசியுங்கள். அவள் செய்த பிழை பூனை வளர்த்ததல்ல. அதன் வழியை அடைத்துவிட்டு, அதன் தேவையை மறந்ததுதான் பிழை.

நெடுந்தீவுக் குதிரையின் கழுத்தில் கயிறு இல்லை. ஆனால் அதைச் சுற்றிக் கடல் இருக்கிறது. தப்பி ஓடக் கூடாதென்றே அந்தத் தீவில் விட்டார்கள். தண்ணீர் தேடி வேறிடம் போக அதனால் முடியாது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், கட்டு மட்டும் அவிழவில்லை. எனவே இதைக் காட்டு மிருகம், அதன் பாட்டைக் அது பார்க்கும் என்று விட்டுவிட முடியாது. மனிதன் கொண்டுவந்து விட்ட உயிருக்கு மனிதன்தான் பொறுப்பு. போனவன் ஒல்லாந்தனோ ஆங்கிலேயனோ, அந்தப் பொறுப்பு இருக்கின்றவர்கள் தலையில்தான் வரும்.

இது நடக்காத காரியமல்ல. ஆபிரிக்காவில் நமீபியா நாட்டின் பாலைவனத்தில் இப்படிக் கைவிடப்பட்ட குதிரைகள் இருக்கின்றன. முதலாம் உலகப் போர்க் காலத்தில் சிதறிப்போனவற்றின் வாரிசுகள் என்பார்கள். கறுப் என்னுமிடத்தில் புகையிரதத்துக்காகத் தோண்டிய ஒரு குழாய்க் கிணற்றின் தண்ணீரே அவற்றைப் பல தலைமுறைகளாக உயிரோடு வைத்திருக்கிறது. நம் மன்னாரிலும் வீதியெங்கும் கழுதைகள் திரிவதைக் கண்டிருப்பீர்கள். பாரம் சுமக்கக் கொண்டுவரப்பட்டு, லொறி வந்த பின் வேண்டாமற் போனவை. அவற்றுக்கென்று அங்கே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. மனம் வைத்தால் வழி பிறக்கும்.

நெடுந்தீவில் தேவைப்படுவது பெரிய மாளிகை அல்ல. மழைக்காலத்தில் தரவைகளிலும் குட்டைகளிலும் தண்ணீரைத் தேக்கிவைத்தல், வரட்சி மாதங்களில் தொட்டிகளை நிரப்புதல், குடிநீர்க் கிணறுகளில் அளவோடு இறைத்தல். இவற்றைச் செய்யாமல் லாயத்தின் தூண்களுக்கு மட்டும் வேலி போட்டுப் பெயர்ப்பலகை நட்டால், வீட்டைப் பூட்டித் திறப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உள்ளே பூனையை அடைத்துவிட்டுப் போன கதையாகிவிடும்.

குர்ஆனில் ஹஜ் அத்தியாயத்தில் அழிந்துபோன ஊர்களைப் பற்றிச் சொல்லும்போது கைவிடப்பட்ட கிணறும் குறிப்பிடப்படுகிறது, உயர்ந்த மாளிகையும் குறிப்பிடப்படுகிறது. இந்த இடத்தை மாணவர்களுக்கு எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். மாளிகை இடிந்தால் போனது ஒருவனுடைய பெருமை. கிணறு கைவிடப்பட்டால் மனிதர், மிருகம், பறவை என்று எத்தனையோ உயிர்களின் தாகம் தீராமல் போகிறது. இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் தூணை மட்டும் பார்த்துப் படமெடுத்துத் திரும்பாமல், அதன் கிணற்றுக்கு என்ன நடந்ததென்றும் விசாரிக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

தை, மாசி மாதங்கள் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் காய்ந்திராது, குட்டிகளோடு குதிரைகளைப் பார்க்கலாம். காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்புவதே வசதி. திரும்பும் படகு நேரத்தைத் துறைமுகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். தீவில் மர நிழல் குறைவு, வெயில் கடுமை. குடையும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

குடிக்கும் தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டுபோனால், முடிந்தால் மூன்றாவது ஒன்றும் கொண்டுபோங்கள். தீவு மக்களின் கிணற்றில் நம் பாரத்தைப் போடாமல் இருப்பதற்கு அது உதவும். வெற்றுப் போத்தலையும் பொலித்தீன் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மேய்கின்ற மிருகம் அதைத் தின்றால் வயிறு அடைத்துச் செத்துப்போகும். குதிரைக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம். போகும் வழியில் ஏதாவதொரு வாசலில் தண்ணீர்ப் பீப்பா இருந்து, வீட்டுக்காரர் சம்மதித்தால், உங்கள் பிள்ளையின் கையால் ஒரு வாளித் தண்ணீர் அதில் ஊற்றச் சொல்லுங்கள்.